தங்களு ஆகிதெ

குந்தலஹள்ளி கேட்டில் ஆபீஸ் பஸ் நின்றுவிட்டது. சிக்னலுக்கு நிற்கும் நிற்பு இல்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, சாவகாசமாகச் சோம்பல் முறிக்கும் அளவுக்கு நின்றுவிட்டது. மெட்ரோ வைட்ஃபீல்ட் வரைக்கும் வந்திராத காலம் அது. விவேக் நகரில் காலையில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் மாரத்தஹள்ளிதான் வந்திருக்கும்.

என் மடியில் சாப்பாட்டு டப்பா. காதில் போன். லைனில் என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் மஞ்சுநாத், எங்கள் குழுவின் டெஸ்டர். நாங்கள் கட்டியதை உடைத்துப் பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம். அவர் அதிகாலை ஷிஃப்டில் ஆபீஸில் இருந்தார். இன்னொருவர் வெங்கட், எங்கள் மேனேஜர். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவர் டாக்ஸியில் வந்துகொண்டிருந்தார். அவர் பக்கத்து சீட்டில் எங்கள் வாடிக்கையாளர் கம்பெனியின் ஹேமலதா. எங்கள் வேலை தொடருமா, இத்தோடு மூட்டை கட்டுவதா என்று முடிவு செய்யத்தான் அவர் அன்றைக்கு வந்திருந்தார்.

"ஸ்டெல்லா அவ்ரே," என்றார் மஞ்சுநாத். லைன் கரகரத்தது. "டோஸ் டேபிள் தங்களு ஆகிதெ."

"சூப்பர்," என்றார் வெங்கட். உடனே பக்கத்தில் திரும்பிச் சொல்வதும் எனக்குக் கேட்டது. "மேடம், டாங்கிள் முடிஞ்சிடுச்சாம். நாம ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள கையேடு உங்க மெயில்ல இருக்கும்."

 மஞ்சுநாத் டாங்கிள் என்று சொல்லவே இல்லை.

ஒரே கோப்பு, இரண்டு வாசகர்கள்

இந்த இடத்தில் பஸ்ஸை அப்படியே நிறுத்திவைக்கிறேன். அது எங்கும் போய்விடாது, குந்தலஹள்ளி கேட்டை எனக்குத் தெரியும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுவாக புரோகிராம் ஓரிடத்தில் இருக்கும். அது என்ன செய்கிறது என்று சொல்லும் கையேடு வேறோர் இடத்தில் இருக்கும். கல்யாணமான புதிதில் இரண்டும் ஒற்றுமையாகத்தான் இருக்கும். பிறகு யாரோ புரோகிராமைத் திருத்துவார்கள், கையேட்டைத் திருத்த மறப்பார்கள். கொஞ்ச நாளில் இதற்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இருக்காது.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதிய புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கையேடு ஒன்று சொல்லும், புரோகிராம் இன்னொன்று செய்யும். அன்றே முடிவு செய்தேன், இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்தவேண்டும் என்று.

அதற்கு ஒரு வழி ஏற்கனவே இருந்தது. ஒரே கோப்பில் மனிதருக்கு விளக்கம் எழுதுவோம். விளக்கத்துக்கு நடுநடுவே, அந்தந்த இடத்தில், இயந்திரத்துக்கான புரோகிராமைத் துண்டு துண்டாக எழுதுவோம். அந்தக் கோப்பிலிருந்து புரோகிராமை மட்டும் உருவி எடுப்பதற்கு டாங்கிள் என்று பெயர். சிக்கல் என்று அர்த்தம். உருவி எடுத்ததை மனிதன் பார்த்தால் சிக்கு விழுந்த நூல்மாதிரிதான் இருக்கும். அதே கோப்பிலிருந்து மனிதர் படிக்கிற புத்தகத்தைச் செய்வதற்கு வீவ் என்று பெயர், நெசவு. இந்த இரண்டையும் செய்யும் கருவியைத்தான் நாங்கள் கட்டினோம். எங்கள் ஆபீஸில் நாளடைவில் மொத்த வேலைக்குமே டாங்கிள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. "டாங்கிள் ஆச்சா?" என்பதுதான் எங்கள் காலை வணக்கம்.

ஹேமலதாவின் கம்பெனி, ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறது. இத்தனை எடையுள்ள நோயாளிக்கு, இந்த மருந்தை, மணிக்கு எவ்வளவு ஏற்றவேண்டும் என்ற அட்டவணை கையேட்டில் இருக்கும். பம்புக்குள் இருக்கும் புரோகிராமும் அதே கணக்கைப் போடும். எங்கள் கருவியில் அட்டவணையைக் கையால் யாரும் தட்டுவதில்லை. கருவியே புரோகிராமை ஓட்டி, வந்த விடையை அப்படியே புத்தகத்தில் பதிக்கும். புத்தகமும் பம்பும் ஒரே வாயால் பேசும்.

அதுதான் நாங்கள் கொடுத்த வாக்கு.

ஒரு கமாவுக்கு ஒரு டீ

வாக்கு நன்றாகத்தான் இருந்தது. வேகம்தான் இல்லை.

ஒரு வாக்கியத்தில் கமாவை மாற்றினாலும் கருவி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாத் துண்டுகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தரும். அதுவரை எழுதியவர் கீழே போய் டீ குடிப்பார்.

"ஒரு கமா மாத்தினா ஒரு டீ, ஒரு வடை," என்பார் வெங்கட். "இப்படியே போனா டீமுக்கே சுகர் வந்துடும் ஸ்டெல்லா."

சிரித்துக்கொண்டு சொன்னாலும் விஷயம் சிரிப்பதற்கு இல்லை. ஹேமலதாவின் கம்பெனியில் எழுதுகிறவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். இந்த முறையும் வேகம் வராவிட்டால் பழைய வழிக்கே போய்விடுவார்கள். புரோகிராம் தனி, கையேடு தனி. எங்கள் குழுவைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். பிரித்தால் எனக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் அந்தக் கருவி என் பிள்ளை மாதிரி. பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு வேறு வேலைக்கு எப்படிப் போவது?

வேகத்துக்கு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருமுறை ஓட்டி வந்த விடையை எடுத்து வைத்துக்கொள்வது. அடுத்த முறை அந்தத் துண்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றால் மறுபடி ஓட்டாமல் வைத்திருந்த விடையையே எடுத்துக் கொடுப்பது. அப்படிச் சேர்த்துவைக்கும் இடத்துக்கு மஞ்சுநாத் வைத்த பெயர் "தங்களு பெட்டிகெ". கன்னடத்தில் ஃப்ரிட்ஜைக் கேலியாக அப்படிச் சொல்வார்கள்.

முதல்முறை அது ஓடிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பட்டனைத் தட்டிவிட்டு வழக்கம்போல் டீ கப்பைத் தேடினேன். கப் கையில் வருவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். பக்கத்துக் குழுவினர் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்புக்கு, ரோட்டில் ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

தங்கள், தங்களு

தமிழில் தங்கள் என்றால் மரியாதை. கன்னடத்தில் தங்களு என்றால் நேற்று மிஞ்சிய சோறு.

இதை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் எங்கள் சந்து. வீட்டுக்குள் தமிழ். தெருக்குழாயில் குடத்தை வைத்தால் கன்னடம். கறிக்கடையில் தக்னி, இந்தப் பக்கத்து உருது. அந்தக் கறிக்கடையில் நேற்றுக்கும் "கல்"தான், நாளைக்கும் "கல்"தான். பாய் "கல்" என்று சொன்னால் அது நேற்று வெட்டியதா, நாளைக்கு வரப்போவதா என்று அம்மா அவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். மொழி மூன்று இருந்தாலும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருந்த சந்தேகம் ஒன்றுதான்: இது புதுசா, பழசா?

குழாயடியில் எங்களுக்கு அடுத்த குடம் லட்சுமம்மாவுடையது. "ஏன் ஊட்டா?" என்று, அதாவது என்ன சாப்பாடு என்று, அவர் கேட்பார். அம்மா கொஞ்சமும் கூச்சப்படாமல் "தங்களு" என்பார். அப்படித்தான் அந்தச் சொல் என் காதில் ஏறியது.

வெங்கட்டுக்கு அந்தக் குழாயடி வாய்க்கவில்லை, பாவம். அவருக்குத் தெரிந்த கன்னடம் மூன்று வாக்கியம். சாப்பிட்டாச்சா என்று கேட்க "ஊட்டா ஆய்த்தா", கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", அப்புறம் இந்த "ஆகிதெ". ஆகிதெ என்றால் ஆகிவிட்டது, முடிந்துவிட்டது. மஞ்சுநாத் வாயில் தங்களு ஆகிதெ என்று வந்ததை, கரகரத்த லைனில், டாங்கிள் ஆகிதெ என்று கேட்டுக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். காலையிலிருந்து அவர் காது அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தது.

அவங்களுக்கும் கேட்கட்டும்

இனி பஸ்ஸுக்கு வருவோம்.

"வெங்கட், மெயில் அனுப்பாதீங்க," என்றேன்.

"ஏன்? முடிஞ்சிடுச்சுன்னுதானே மஞ்சு சொன்னாரு?"

"முடிஞ்சிடுச்சுன்னு சொல்லல. ஊசிப்போச்சுன்னு சொன்னாரு."

"ஹௌது, ஹௌது," என்று ஆமோதித்தார் மஞ்சுநாத். அப்புறம் வெங்கட்டுக்காகத் தன் தமிழில் விளக்கினார். "சார், நேத்து சாயங்காலம் மூணாவது சாப்டர்ல மருந்து பவர் மாத்திட்டாங்க. ப்ரோக்ராம்ல புதுசு வந்துட்டாச்சு. ஏழாவது சாப்டர் டேபிள் மட்டும் பழைய பவர் வெச்சே நிக்குது. பம்பு ஒண்ணு சொல்லுது, புக்கு ஒண்ணு சொல்லுது."

கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அட்டவணை போடும் துண்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மருந்தின் வீரியம் வேறோர் அத்தியாயத்தில் மாறியிருந்தது. எங்கள் கருவி துண்டை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று பெட்டியிலிருந்து நேற்றைய விடையை எடுத்துக் கொடுத்துவிட்டது. சாம்பார் செய்முறை அதேதான் என்று திருப்திப்பட்டுக்கொண்டது, புளி மாறியதைப் பார்க்கவில்லை.

ஆபீஸ் விஷயமாக இருந்திருந்தால் போகட்டும். இந்தப் புத்தகத்தை ஒரு வார்டில், ஒரு நர்ஸ் விரித்துப் பார்ப்பார். விரலை வைத்து, எடைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, ஒரு மனிதருக்கு மருந்து ஏற்றுவார்.

"சரி, அந்த ஒரு டேபிளை மட்டும் திரும்ப ஓட்டி அனுப்பிடலாமே," என்றார் வெங்கட். குரல் இறங்கியிருந்தது.

"இது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தனையோ. பெட்டிய காலி பண்ணிட்டு மொத்தத்தையும் முதல்லேர்ந்து ஓட்டணும்."

"எவ்ளோ நேரமாகும்?"

"மத்தியானம் ஆயிடும்."

"ஸ்டெல்லா, நான் தனியா இல்ல. பக்கத்துல அவங்க இருக்காங்க."

"அவங்களுக்கும் கேட்கட்டும் வெங்கட். அவங்களுக்குத்தானே புக்கு."

அவர்கள் பக்கத்திலும் என் பக்கத்திலும் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. வேகம் வரவில்லையென்றால் குழு கலையும் என்ற நாளில், வேகத்தை நானே நிறுத்திவிட்டேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.  ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

பிறகு ஹேமலதாவின் குரல் வந்தது. "எனக்கு நல்லாவே கேட்குது. மத்தியானம்னா சாப்பாடு எங்க?"

நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தேன். டப்பா கையில் ஆடிக்கொண்டே வந்தது.

டப்பாவில் இருந்தது

மேலே எல்லாத் துண்டுகளும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்க, கீழே கேன்டீனில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம். மற்ற மூவருக்கும் தட்டில் சாப்பாடு. நான் டப்பாவைத் திறந்தேன். பழையது. தயிர், சின்ன வெங்காயம், மூடியில் இரண்டு மோர்மிளகாய்.

வெங்கட் என் பக்கம் சாய்ந்தார். "க்ளையன்ட் முன்னாடி பழைய சோறா?" என்றார் மெதுவாக. மெதுவாக என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"பழையதா?" என்றார் ஹேமலதா.

"ஆமாங்க. நேத்து தண்ணி ஊத்தி வெச்சது. எனக்கு இது இல்லாம வெயில் காலம் ஓடாது," என்றேன். வெங்கட் மேல் கொஞ்சம் எரிச்சலும் இருந்ததால் கூடவே சொன்னேன், "இதுல என்ன வெட்கம்? சுடுசோறுன்னு சொல்லி பரிமாறினாத்தான் தப்பு."

சொன்ன வாய் அப்படியே நின்றது. கரண்டி டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மஞ்சுநாத் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

காலையில் போனில் தொடங்கி அதுவரை எனக்கும் வெங்கட்டுக்கும் நடந்த சண்டை எல்லாம், பெட்டி வேண்டுமா வேண்டாமா என்பதுதான். பெட்டி இருந்தால் வேகம், இல்லாவிட்டால் சரியான விடை. இரண்டில் ஒன்று சாகவேண்டும் என்பது போலவே பேசிக்கொண்டிருந்தோம். பழையதை வைத்திருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. பெயரை மாற்றிப் பரிமாறுவதுதான் குற்றம்.

"ஓரத்துல எழுதிடலாம்," என்றேன். "எழுதுறவங்களுக்கு பழைய விடையவே உடனே காட்டலாம். ஆனா அது எதையெல்லாம் நம்பி இருக்கோ, அதுல ஏதாவது மாறியிருந்தா பக்கத்து ஓரத்துலயே பழையதுன்னு போட்டுடணும். பின்னாடி புதுசு வெந்துக்கிட்டு இருக்கும். வெந்ததும் மாத்திடலாம்."

"புக்கு வெளிய போறப்போ?" என்றார் வெங்கட்.

"ஒரு இடத்துல பழையதுன்னு இருந்தாலும் புக்கே வராது. கதவு திறக்காது."

ஹேமலதா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். இந்த வேலைக்கு வருமுன் அவர் பல வருடங்கள் நர்ஸாக இருந்தவர். "வார்டுல மருந்து பாட்டிலத் திறந்தா எப்போ திறந்தோம்னு எழுதி ஒட்டுவோம்," என்றார். "திறந்ததுக்காகத் தூக்கிப் போட மாட்டோம். எழுதாம வெச்சிருந்தாத்தான் திட்டு விழும்." பிறகு டப்பாவைப் பார்த்து, "அதுல ஒரு கரண்டி கிடைக்குமா?" என்று கேட்டார்.

மத்தியானம் மொத்தமும் ஓடி முடிந்தது. புது விடைகளையும் பெட்டியிலிருந்த பழைய விடைகளையும் மஞ்சுநாத் ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழாவது அத்தியாயம் மட்டும் இல்லை. குழந்தைகளுக்கான மருந்து அளவு அட்டவணையும் ஊசிப்போயிருந்தது. அதை யாருமே கவனித்திருக்கவில்லை.

வெங்கட் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.  போய் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார், அவரே தட்டில் தூக்கிக்கொண்டு. என் கப்பை மட்டும் என் கையில் கொடுத்தார்.

ஹேமலதா போகும்போது கேட்டது ஒன்றுதான். "அந்த ஓரக் குறி எப்ப வரும்?" குழு கலையாது என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

எழுத்துப்பிழை அல்ல

குறிக்கு என்ன சொல் போடுவது என்று எங்களுக்குள் பேச்சே எழவில்லை. மஞ்சுநாத் காலையில் சொன்ன சொல்தான். ஆங்கில எழுத்தில், கன்னடச் சொல், தமிழச்சி கட்டிய கருவியில்: tangalu, தங்களு.

பிறகு அந்தக் கருவியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் திறந்துவிட்டோம். எந்தெந்த நாட்டிலோ இருந்து ஆட்கள் வந்து பயன்படுத்தினார்கள். ஒருநாள் முகம் தெரியாத ஒருவர் திருத்தம் ஒன்று அனுப்பியிருந்தார், மிகவும் பணிவாக. பல இடங்களில் டாங்கிள் (tangle) என்ற சொல் தவறாக எழுதப்பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று.

நான் பதில் எழுத உட்காருவதற்குள் பதில் போயிருந்தது. எழுதியவர் வெங்கட். "இது எழுத்துப்பிழை அல்ல. இது கன்னடம். நேற்றைய சோறு என்று பொருள். நானும் ஒருமுறை உங்களைப் போலவே இதை டாங்கிள் என்று நினைத்தேன். என்னை ஒருவர் தடுத்தார். இப்போது நான் உங்களைத் தடுக்கிறேன்." மஞ்சுநாத் அதன் கீழே தன் டப்பாவைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்.

பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வேகமாக ஒன்றைக் கட்டுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். வேகமாகவும் கட்டி, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடுத்தோம் நாங்கள்.

போன வருடம் விவேக் நகரில் என் அண்ணிக்கு ஆபரேஷன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். பார்க்கப் போனபோது கட்டிலின் தலைமாட்டில் பம்ப் ஒன்று பச்சை விளக்கோடு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் எழுந்து நர்ஸ் மேஜைக்குப் போய்க் கையேட்டைக் கேட்டு வாங்கினேன். ஓரம் மடங்கி, அட்டையில் மருந்துக் கறை பட்டு, நன்றாகப் புழங்கிய புத்தகம். ஏழாவது அத்தியாயத்தைத் திருப்பினேன். எடைக்கு நேரே எண்கள் வரிசையாக நின்றன. பிறகு குழந்தைகளுக்கான அட்டவணை. அப்புறம் முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாக, எண்களை விட்டுவிட்டு, பக்கத்து ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளையாக இருந்தது. கடைசிப் பக்கம் வரை வெள்ளையாகவே இருந்தது.

அந்த நர்ஸ் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.